பிடியரிசியும் போஸ்டன் தேயிலையும்

தேயிலையைக் கடலில் கொட்டிய அன்று, அதைக் கப்பலில் சுமந்து வந்த கூலிக்காரனுக்குச் சோறு போட்டது யார்?

சரித்திரத்தில் பட்டம் பெற்று, நான்காண்டுகளாக அதே சரித்திரத்தை உயர்நிலைப் பள்ளியில் போதித்து வந்த எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. எந்தத் தேர்வுத் தாளிலும் அதைக் கண்டதில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடிக் கிராமம் ஒன்றில், ஓர் ஓலைக்கூரை வீட்டு முற்றத்தில் நின்றபடி, கிறிஸ்தவச் சபை உபதேசியார் ஒருவரின் மனைவி அதை என்னிடம் கேட்டார். கேட்டபோது அவர் கையில் வெறும் பானை இருந்தது. அந்தப் பானை வெறுமையானதற்குக் காரணம் நான்.

நான் வெளிநாடு சென்றது அந்த ஒரு முறைதான். நான் இருந்த பாளையங்கோட்டையிலிருந்து ஐம்பது மைல் இருக்கலாம்; ஆயினும் வெளிநாடு வெளிநாடே. அங்கே அரசு வேறு, காசு வேறு, தபால் முத்திரை வேறு, ஆண்டுக் கணக்கும் வேறு. என் கல்லூரி நண்பன் தேவதாசன் புன்னைவிளை என்னும் ஊரில் மிஷன் பள்ளி ஆசிரியனாகவும் வாசகசாலையின் காரியதரிசியாகவும் இருந்தான். 'அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து பிரிந்த வரலாறு' என்ற பொருளில் மூன்று உரைகள் ஆற்ற என்னை அழைத்திருந்தான். முதல் உரை காரணங்களைப் பற்றியது, இரண்டாவது போர், மூன்றாவது அரசியலமைப்பு.

உப்புக்காகப் பலர் சிறைக்குப் போய்த் திரும்பியிருந்த காலம் அது. அமெரிக்கா என்று நான் சொன்னால் இந்தியா என்று ஊரார் புரிந்துகொள்வார்கள், அரசாங்கமும் புரிந்துகொள்ளும், என்னைக் கைது செய்யும் என்று உறுதியாக நம்பினேன். ஆகவே பெட்டியில் இரண்டு வேட்டி கூடுதலாக வைத்துக்கொண்டேன். என் மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு, "சிறையிலே வேட்டி அவங்களே தருவாங்களாமே" என்றாள். அதையும் மீறி வைத்துக்கொண்டேன். கூடவே ஒரு பொட்டலம் தேயிலை. உரையின் உச்சத்தில் அதைத் தண்ணீரில் வீசி எறிவதாகத் திட்டம். கண்ணாடிக்கு முன் நின்று, பொட்டலத்துக்குப் பதில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, வீசும் முறையை இருமுறை பயின்றுமிருந்தேன்.

வியாழக்கிழமை எல்லையை அடைந்தேன். நடந்தே அடைந்தேன் என்பதுதான் உண்மை. எல்லையோர அஞ்சுகிராமத்துக்கு அரை மைல் இருக்கையில் பேருந்து கொதித்து நின்றுவிட, ஓட்டுநர் எங்களை இறக்கித் தள்ளச் சொன்னார். உரிமை முழக்கம் செய்யப் புறப்பட்டவன் வெளிநாட்டு மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தது ஒரு பேருந்தின் பின்புறத்தில் தோளை முட்டுக்கொடுத்தபடிதான். பக்கத்தில் தள்ளிய மீன் வியாபாரி ஒருவர், "மூச்சைப் பிடிச்சுத் தள்ளும், வேய்! படிச்ச கையி தொட்டா மட்டும் உருளுமா?" என்றார். அவருடைய கூடையின் நீர் என் சட்டையில் சொட்டியது.

சுங்கச் சாவடியில் மலையாள அதிகாரி ஒருவர் என் பெட்டியைத் திறந்தார். அவர் பேசியதைத் தமிழாக்கித் தருகிறேன்.

"இது என்ன?"

"தேயிலை."

"விற்கவா, குடிக்கவா?"

"இரண்டுக்கும் இல்லை. தண்ணீரில் போட."

"எல்லோரும் தண்ணீரில்தான் போடுகிறார்கள்" என்று சொல்லி அவர் பெட்டியை மூடினார்.

இதில் நான் மறைத்தே தீரவேண்டிய செய்தி ஒன்று உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். அவர் கேட்பதற்கு முன்பே நான், "தீர்வை எவ்வளவு?" என்று கேட்டுக் காசையும் எடுத்துவிட்டிருந்தேன். தேயிலை வரியை எதிர்த்து உரையாற்றப் போகும் வழியில், யாரும் விதிக்காத தேயிலை வரியைச் செலுத்த முன்வந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். "இந்தப் பொட்டலத்துக்கு என்ன தீர்வை, போங்கள்" என்று அந்த நல்ல மனிதர் என்னைக் காப்பாற்றினார்.

பிறகு ஒரு மாட்டு வண்டி. வாய்க்கால்களும் வயல்களும் தென்னையும் பனையும் மாறி மாறி வந்தன. எங்கள் பக்கத்து வறண்ட செம்மண் தேரிக்காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவ்வளவு பச்சை ஒரு வீண்செலவாகத் தோன்றியது. தேவதாசன் வீட்டில் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் கறியும் காத்திருந்தன. பரிமாறியவர் அவனுடைய அக்காள் ராகேல். கணவரை இழந்தவர்; மிஷன் அம்மாக்களிடம் லேஸ் பின்னல் கற்று, அதைப் பின்னித் தம்பியைப் படிக்க வைத்தவர். நான் தட்டிலேயே கிழங்கைக் கறியோடு பிசைவதைப் பார்த்து, "ஏலே தாசா, ஒனக்க கூட்டாளி கிழங்கைச் சோறுன்னு நெனச்சாரு போல" என்றார். தேவதாசன் சிரித்தான். நானும் சிரித்தேன், காரத்தில் கண்ணீர் வந்ததால் அது அழுகை போல இருந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கிறிஸ்தவக் கோயிலுக்கும் வாசகசாலைக்கும் நடுவே நின்ற கொல்லாமரம் என்னும் முந்திரிமரத்தின் அடியில் முதல் உரை. ஆண்கள் பெஞ்சுகளில் அமர்ந்தார்கள். பெண்களுக்கு அழைப்பு இல்லை. ஆயினும் இருபது இருபத்தைந்து பேர் கோயில் சுவரோரம் தரையில் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். கைவேலைக்கு நல்ல வெளிச்சம் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு போலீஸ்காரரும் வந்தார். என் நெஞ்சு நிமிர்ந்தது. அவர் மரத்தில் சாய்ந்து, நான் முகவுரையை முடிப்பதற்குள் உறங்கிவிட்டார்.

நான் என் பொருளை விரித்தேன். கடல் கடந்து போய்க் காட்டைத் திருத்திக் குடியேறிய மக்கள். அவர்களைக் காக்க நடந்த போரின் செலவை அவர்கள் தலையிலேயே சுமத்த நினைத்த பிரிட்டிஷ் அரசு. முத்திரைக் காகிதத்துக்கு வரி. அது ரத்தாகிய பின் வேறு வரிகள். கடைசியில் எஞ்சி நின்ற தேயிலை வரி. வரியின் அளவு பெரிதன்று, அதை விதிக்கும் சபையில் தங்களுக்கு ஓர் இடமும் இல்லை என்பதே அவர்களுடைய குறை என்றேன். "அதற்கு லண்டனில் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? 'இந்தச் சபையில் இருக்கும் நாங்கள் உங்களுக்கும் சேர்த்தேதான் யோசிக்கிறோம். நீங்கள் வேறு தனியே வந்து உட்காருவானேன்?' என்றார்கள்."

முன்வரிசையில் இருந்த பொன்னையா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கருப்பட்டி வியாபாரி, சபைக் கமிட்டியின் தலைவர். "கொள்ளாம் நியாயம்! எனக்க வயித்துக்கு இவன் யோசிச்சா எனக்குப் பசி தீந்துருமோ?" என்றார். கூட்டம் முழுதும் சிரித்தது. நான் அவரை மிகவும் விரும்பினேன்.

உச்சக்கட்டம் வந்தது. போஸ்டன் துறைமுகத்தில், செவ்விந்தியர்போல் வேடமிட்ட மனிதர்கள் கப்பலில் ஏறிப் பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்று சொல்லி, என் பொட்டலத்தை உயர்த்தி, மாடுகள் நீர் குடிக்கும் கல்தொட்டியை நோக்கிக் கையை ஓங்கினேன்.

"நில்லும் சார்!"

ராகேல் அக்காள் எழுந்து வந்தார். ஓங்கிய கையிலிருந்து பொட்டலத்தை, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல வாங்கினார். "கொட்டினதுன்னு சொன்னா எங்களுக்கு வெளங்காதா? மாடு குடிக்குத வெள்ளம் அது."

கால் மணி நேரத்தில் கருப்பட்டி போட்ட தேநீர் அண்டாவில் வந்தது. தேயிலை மறுப்பின் வரலாற்றைப் புன்னைவிளை மக்கள் தேநீர் குடித்தபடி கேட்டு முடித்தார்கள். போலீஸ்காரர் வாசனைக்கு விழித்து, இரண்டு டம்ளர் குடித்து, "நல்ல பிரசங்கம்" என்று சொல்லிப் போனார். கூடுதல் வேட்டிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

அன்று உறங்கும் முன் தேவதாசனிடம், "பெண்கள் கொஞ்சமாவது புரிந்துகொண்டிருப்பார்களா?" என்று கவலையோடு கேட்டேன்.

மறுநாள் தெரிந்தது.

இந்த இடத்தில் பிடியரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துச் சபைகளில், காலையிலும் மாலையிலும் உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் வீட்டுக்காரி ஒரு பிடி அள்ளி அடுப்போரத்துச் சிறு பானையில் போடுவாள். அது கர்த்தருக்கு. சனிக்கிழமைதோறும் ராகேல் அக்காளும் இன்னும் இரண்டு பேரும் கடவம் என்னும் பெரிய ஓலைக்கூடையோடு வீடு வீடாகப் போய் அதைச் சேர்ப்பார்கள். ஒரு பங்கு உபதேசியார் அருமைநாயகத்தின் வீட்டுக்குப் போகும்; அவரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் வாரம் முழுதும் உண்பது அதைத்தான். மிச்சத்தை விற்று என்ன செய்வது என்று பொன்னையா முதலான ஏழு ஆண்கள் அடங்கிய கமிட்டி முடிவு செய்யும். சென்ற ஆண்டு கமிட்டி கூடி உட்கார ஒரு வார்னிஷ் மேசை வாங்கினார்கள். கோயிலில் பெண்கள் பாய் விரித்து உட்காரும் பக்கத்தில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கடவங்கள் வெறுமையாகத் திரும்பின. எந்தப் பெண்ணும் பிடியரிசி வைப்பதை நிறுத்தவில்லை. எல்லோரும் பானையின் வாயைத் துணியால் கட்டி அடுப்போரத்திலேயே வைத்துவிட்டார்கள்.

"கர்த்தருக்கு வச்சது கர்த்தருக்குத்தான். அதுல ஒரு மணி நாங்க தொடமாட்டோம்" என்றார் ராகேல் அக்காள். "கமிட்டியில ரெண்டு பொம்பளைக்கு எடம் கெடைச்ச அன்னிக்குப் பானை வாயைத் திறப்போம்."

"அக்கா, இது எதுக்குள்ள வேலை?" என்று தேவதாசன் பதறினான்.

"சார்வாள் சொல்லித் தந்தாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொல்லாமரத்தைப் பார்த்தேன்.

செய்தி பொன்னையாவை எட்டியது. அவர் கொதித்துக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அரிசி வராவிட்டால், இந்தச் சபைக்கு உபதேசியாரைத் தாங்கச் சக்தியில்லை, அவரை வேறெங்காவது அனுப்பிக்கொள்ளுங்கள் என்று மிஷனுக்கு எழுதிவிடுவதாகச் சொன்னார். பதினான்கு ஆண்டுகளாக அந்த ஊரில் இருப்பவர் அருமைநாயகம். அவருடைய மூத்த மகள் அங்கே மிஷன் பள்ளியில் கடைசி வகுப்பில் இருந்தாள். எங்கே அனுப்புவார்கள், அனுப்புவார்களா, வீட்டுக்கே போகச் சொல்வார்களா என்பது யாருக்கும் தெரியாது.

மாலையில் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவே போனேன். ஆனால் முற்றத்தில் நின்று, பெரிய இயக்கங்களில் இடைக்காலத் துன்பங்கள் தவிர்க்க இயலாதவை என்ற பொருளில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். உபதேசியாரின் மனைவி பாக்கியத்தம்மாள் அரிசிப் பானையைத் தட்டிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அதைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அந்தத் தேயிலையைக் கடல்ல கொட்டினாங்கன்னு சொன்னீங்களே சார், அதைச் செமந்துட்டு வந்தவனுக்கு அன்னிக்கு ஆரு சோறு போட்டா?"

நான் சட்டைப் பையில் உரைக் குறிப்புகளைத் தேடினேன்.

"ஒங்களைக் குத்தம் சொல்லுகதுக்குக் கேக்கல்ல. நானும் எனக்க பானையைக் கட்டித்தான் வச்சிருக்கேன்." அடுப்போரம் கை காட்டினார், துணி கட்டிய சிறு பானை இருந்தது. பிடியரிசியில் உண்ணும் வீட்டிலும் பிடியரிசி வைக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அவன் என்ன செய்தான்னு தெரிஞ்சா நானும் அதைச் செய்யலாமேன்னுதான்."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் நேர்மையான வாக்கியம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்களை நிறுத்தி, நிதானத்தைப் போதித்தேன். அமெரிக்கர்கள் எடுத்த எடுப்பில் எதையும் கொட்டிவிடவில்லை. முதலில் மனு அனுப்பினார்கள், மீண்டும் அனுப்பினார்கள் என்றேன்.

"எத்தன வருசம் அனுப்பினாங்க?" என்றார் ராகேல் அக்காள்.

"ஏறத்தாழ... எட்டுப் பத்து ஆண்டுகள்."

"நாங்க கூரையைப் பத்திச் சொல்லத் தொடங்கி அதுக்கும் மேல ஆச்சு. அப்பம் நாங்கதான் பொறுமைசாலி."

சுற்றிலும் சிரிப்பு. பெண்கள் கூட்டத்தில் மெலிந்த உருவமாக ஒருத்தி நின்றாள். அன்னம்மை என்று பெயர். வீடு வீடாகப் போய் நெல் குத்துபவள். குத்துகிற வீட்டிலேயே கஞ்சி குடித்துக்கொள்பவள். "எனக்குக் கட்டி வைக்கப் பானையே இல்லியே, நான் என்னத்தைக் கட்ட?" என்றாள். "ஒனக்க வாயைக் கட்டு, ஏட்டி" என்றாள் வேறொருத்தி. அன்னம்மையும் சேர்ந்துதான் சிரித்தாள். நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

திங்கட்கிழமை நான் ஓடிப்போனேன். அதைப் 'புறப்பட்டேன்' என்று எழுதலாம். ஆனால் தேவதாசன் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, மேசைமேல் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, பெட்டியோடு மாட்டு வண்டி ஏறியதற்கு வேறு பெயர் இல்லை. என் இருப்பு நிலைமையை மேலும் சிக்கலாக்கும் என்று கடிதத்தில் விளக்கியிருந்தேன். பேருந்து வந்தது, ஏறினேன், இரண்டு பர்லாங் போனதும் அச்சு முறிந்து வாய்க்கால் கரையில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. அதே வண்டிக்காரர் வந்து என்னையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் அவர் ஒரு கேள்வியும் கேட்காதது எனக்குப் பெருந்துன்பமாக இருந்தது.

வாசலில் ராகேல் அக்காள். கையில் என் கடிதம். "வந்தியளா? சோறு இருக்கு, கையைக் கழுவும்" என்றார். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். அடுப்பு மூட்ட அது உதவிற்று என்று மறுநாள் அறிந்தேன். பொறுப்புணர்ச்சியால் நான் திரும்பி வந்தேன் என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். நான் அதை மறுக்கவில்லை.

உண்ணும்போது, சோறு இறங்காமல், என்னிடமிருந்த சரித்திரம் முழுவதையும் துழாவினேன். கூலிக்காரனைப் பற்றி ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் வேறொன்று அகப்பட்டது. "தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாகப் போஸ்டன் துறைமுகத்தையே மூடிவிட்டார்கள், அக்கா" என்றேன். "ஊரில் வேலை இல்லை, உணவு இல்லை. அப்போது மற்றக் குடியேற்றங்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்று ஆடுகளை அனுப்பியது. ஒன்று கோதுமை. தெற்கேயிருந்து கப்பலில் அரிசி போயிற்று."

"அரிசியா?"

"அரிசிதான்."

"இதை வெள்ளிக்கிழமையே சொல்லப்படாதா, சார்?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து போய்விட்டார். எனக்கு மோர் ஊற்றவில்லை.

செவ்வாய் முதல் உபதேசியார் வீட்டுக்கு முறை வைத்துச் சமைத்த உணவு போயிற்று. கர்த்தருடைய பானையைத் தொடாமல், அவரவர் சொந்தப் பானையிலிருந்து. செவ்வாய் அவியலும் சம்பாச் சோறும். புதன் காலை புட்டும் பயறும் மட்டிப்பழமும், மாலையில் மீன் கறி. உபதேசியாரின் கடைக்குட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் இளித்தது. அந்த வீட்டில் அவ்வளவு கறி அதுவரை வந்ததில்லை. என் சங்கடத்துக்கு முடிவு வந்துவிட்டதென்று மகிழ்ந்து, உபதேசியாரைப் பார்த்து அப்படியே சொல்லவும் சொன்னேன்.

அவர் மகிழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதினாலு வருசமா அரிசி வந்துது, ஐயா. எல்லா வீட்டு அரிசியும் கலந்து வரும். எது ஆரு வச்சதுன்னு எனக்குத் தெரியாது. அதனால எல்லாருக்கும் ஒண்ணுபோல ஜெபம் பண்ணினேன். இப்பம் கொழம்பை நாக்குல வச்ச ஒடனே வீடு தெரியுது. நேத்து ஒரு வீட்டுக்கு வேண்டிக் கொஞ்சம் கூடுதலா ஜெபிச்சுப்போட்டேன்." சிறிது நிறுத்திச் சொன்னார்: "நல்ல நெத்திலி அது. ஆனாலும் இது கொள்ளாது, ஐயா. எனக்குக் கலந்த அரிசி வேணும்."

அதை நான் ராகேல் அக்காளிடம் சொன்னேன். அவர் பின்னல் ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார். "அவரு சொல்லுகது சரிதான்" என்றார் பிறகு. "ஞாயித்துக்கிழமை முடிச்சிரணும்."

வியாழக்கிழமை என் இரண்டாம் உரை நடந்தது. வாசகசாலையில் இல்லை, கமிட்டி அதைப் பூட்டியிருந்தது. ராகேல் அக்காளின் முற்றத்தில், லேஸ் பின்னும் பெண்களுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேசினேன். ஆயத்தம் செய்திருந்த போர்க்களங்களை அவர்கள் கேட்க விரும்பவில்லை. "சண்டை கெடக்கட்டும். ஜெயிச்ச பொறவு என்ன செய்தாங்க?" என்றார்கள்.

மூன்றாம் உரைக்கு உரியதை முன்கூட்டியே சொல்ல வேண்டியதாயிற்று. அரசர் வேண்டாமென்றார்கள்; தங்களுக்குத் தாங்களே சட்டம் எழுதிக்கொண்டார்கள்; மனிதர் யாவரும் சமம் என்றார்கள். பெரும்பாலான இடங்களில் சொத்துள்ள ஆண்களுக்கு மட்டும் வாக்குரிமை கொடுத்தார்கள்.

"பொம்பளைக்கு?"

"அநேகமாக எங்கும் இல்லை."

"நெலம் இல்லாதவனுக்கு?"

"பல இடங்களில் இல்லை. அடிமைகளுக்கு விடுதலையே இல்லை. பல பேர் வீட்டில் அடிமைகள் அப்படியே இருந்தார்கள்."

ஊசிகள் நின்றன. "அப்பம் கொட்டினது எல்லாரும் சேந்து, உக்காந்தது கொஞ்சம் பேரு" என்றாள் நெல் குத்தும் அன்னம்மை, உரலோரத்திலிருந்து. நான்காண்டுகள் போதித்தும் இதை இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

ஞாயிறு வந்தது. ஆராதனைக்குப் பின் சபைக் கூட்டம். வார்னிஷ் மேசைக்குப் பின்னால் ஏழு பேர். மிஷனுக்கு எழுதிய கடிதம் மேசைமேல், கையெழுத்துப் போடவில்லை. உபதேசியார் கடைசிப் பெஞ்சில் தலை குனிந்திருந்தார். பாக்கியத்தம்மாள் பெண்கள் பக்கம், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே. நான் ஜன்னலோரம், வெளியே குதிக்க வசதியான இடம்.

பொன்னையா தொண்டையைச் செருமினார். அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நான் ஒண்ணு கேக்கேன். ஒங்களை நாங்க என்ன பட்டினியா போட்டோம்? எனக்க வீட்டுலயும் பொம்பளை உண்டு. நாங்க ஏழு பேரும் பொம்பளைகளுக்கும் சேத்துதானே யோசிக்கோம்? நீங்க வேற தனியா வந்து உக்காருவானேன்?"

சொல்லி முடித்ததும், இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்பதுபோல அவர் புருவம் சுருங்கியது.

"பொன்னையா மாமா" என்றார் ராகேல் அக்காள், மிக மரியாதையாக. "இதைத்தானே லண்டன்காரன் சொன்னான்? அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

பொன்னையா மேசையின் வார்னிஷை நகத்தால் சுரண்டினார்.

"எனக்க வயித்துக்கு இவன் யோசிச்சா எனக்குப் பசி தீந்துருமோன்னு கேட்டீங்க."

முதலில் சிரித்தது பொன்னையாவின் மனைவிதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், அப்படியும் நிற்கவில்லை. பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். பிறகு ஆண்கள் பக்கம் ஒவ்வொருவராக. பொன்னையா ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "எல்லாம் இந்த பி.ஏ. சார் கொண்டுவந்த சனியன்" என்றார். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பில் உதடு துடித்தது. மேசைமேல் கிடந்த கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரா? சரி, ரெண்டு பேரு. ஆனா ஒண்ணு. பிடியரிசி வைக்குத வீட்டுக்காரி மட்டும்தான் கையைத் தூக்கணும். குடுக்காதவளுக்கு இதுல என்ன காரியம்?"

நியாயமான நிபந்தனை என்றே எனக்குத் தோன்றியது. ஒப்புக்கொள்ளுங்கள் என்று ராகேல் அக்காளுக்கு ஜன்னலிலிருந்து சைகையும் காட்டினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை.

"அது வேண்டாம், மாமா. அமெரிக்கக்காரன் அங்கதான் தப்பு செய்தான்."

பொன்னையா வாதாடினார். அரை மணி நேரம் போயிற்று. உச்சிவேளை தாண்டியது, எல்லோருக்கும் பசி. கடைசியில் அவர் கையை வீசி, "ஆரு வேணுமெங்கிலும் தூக்குங்க, எனக்குக் கஞ்சி குடிக்கணும்" என்றார்.

கைகள் உயர்ந்தன. ராகேல் அக்காளுக்கு ஒருமுறை; பாக்கியத்தம்மாளுக்கு ஒருமுறை. கடைசி வரிசையில் அன்னம்மை எழுந்து நின்றே கையைத் தூக்கினாள். இரண்டு முறையும், எண்ணி முடித்த பிறகும், இறக்க மறந்து நின்றாள்.

அன்று பிற்பகலே பானைகளின் வாய்த்துணி அவிழ்ந்தது. இரண்டு வார அரிசி ஒரே கடவத்தில் கொட்டிக் கலந்து உபதேசியார் வீட்டுக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன். சுங்கச் சாவடியில் அதே அதிகாரி. "தேயிலை?" என்றார். "குடித்துவிட்டார்கள்" என்றேன். அவர் வியப்படையவில்லை.

அடுத்த மழைக்கு முன் பெண்கள் பக்கத்துக் கூரை வேயப்பட்டதாகத் தேவதாசன் எழுதினான். உபதேசியார் அங்கேயே இருக்கிறார். என் போர்க்கள உரையை ஆற்ற அந்த வாசகசாலை என்னை மீண்டும் அழைக்கவில்லை. இப்போது என் வகுப்பில் போஸ்டன் தேயிலை வரும் நாளில், கூலிக்காரனுக்கு அன்று சோறு போட்டது யார் என்று நானே மாணவர்களைக் கேட்கிறேன். விடை எனக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.